பெங்களூரு வந்ததும் போனில் சார்ஜ் நிற்கவில்லையா? 4ஜி, 5ஜி எதில் வைப்பது

ஊரில் காலையில் சார்ஜ் போட்டால் இரவு வரை தாங்கிய போன், பெங்களூரு வந்த முதல் வாரத்திலேயே மதியம் மூன்று மணிக்குச் சிவப்பைக் காட்டும். வேலைக்காகப் புதிதாக வருகிற பலருக்கும் இது நடக்கிறது. பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்குப் போய் புது பேட்டரி போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்புறமும் அதே மூன்று மணி, அதே சிவப்பு.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால், போன் நாள் முழுக்க எந்த நெட்வொர்க்கில், எவ்வளவு பலவீனமான சிக்னலில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். "5ஜியை அணைத்துவிடு, சார்ஜ் மிச்சம்" என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. நிலையாகக் கிடைக்கிற 5ஜி இப்போதைய போன்களில் பெரிதாகத் தின்பதில்லை. வந்து வந்து போகிற 5ஜிதான் தின்கிறது. 4ஜியும் அப்படித்தான். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு எங்கே கழிகிறதோ, அந்த இடத்தில் விடாமல் பிடித்துக்கொள்ளும் மோடில் போனை வைப்பதுதான் இங்கே முழு வேலை.

முதலில் ஒரு ராத்திரிச் சோதனை

படுக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். அடுத்த இரவு, எதையும் மாற்றாமல் வழக்கம்போல வைத்துவிட்டு அதே கணக்கைப் பாருங்கள். அலாரம் ஏரோப்ளேன் மோடிலும் அடிக்கும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் போன் வராது. வீட்டில் ராத்திரி கூப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஊரில் இருப்பவர்களையெல்லாம் எழுப்பிவிடுவார்.

ஏரோப்ளேன் மோடில் இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கியது, சாதாரண இரவில் அதைப்போலப் பல மடங்கு இறங்கியது என்றால், குற்றவாளி நெட்வொர்க்தான். மேற்கொண்டு படியுங்கள். இரண்டு இரவிலும் ஒரே மாதிரி மளமளவென்று இறங்கினால் பேட்டரி பழசாகியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எந்த ஆப் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள்.

கோடுகளை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு போனில் மூன்று கோடாகத் தெரிவது இன்னொரு போனில் இரண்டாகத் தெரியும். உண்மையான அளவு டிபிஎம் என்கிற எண். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும்.

எண் எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 100 ஓட்டலாம். மைனஸ் 110க்குக் கீழே போனால் போன் தவிக்க ஆரம்பிக்கும். மைனஸ் 120 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. படுக்கையில் மைனஸ் 112, ஜன்னலோரம் மைனஸ் 95 என்று ஒரே ரூமிலேயே வித்தியாசம் வரும். சார்ஜர் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாம் போனை வைக்கிறோம், அது பெரும்பாலும் ரூமின் மோசமான மூலை.

சிக்னல் குறைந்தால் சார்ஜ் ஏன் போகிறது? போன் டவரைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, திருப்பிப் பேசவும் வேண்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசுவதற்கும், வரிசையின் கடைசியில் நிற்பவரைக் கூப்பிட்டுச் சாம்பார் கேட்பதற்கும் தொண்டைக்கு ஆகும் வேலை வேறு. 4ஜியில் சாதாரண போன் அதிகபட்சமாகச் சுமார் 200 மில்லிவாட் வரை அலையை வெளியே விடும். அந்த அளவை எட்ட உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை பேட்டரியிலிருந்து இழுக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் இதில் சிறு துளியே போதும். போன் தானாகவே குறைத்துக்கொள்ளும். சிக்னல் அறவே போய்விட்டால் இன்னும் மோசம். எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பிக்கும்.

பெங்களூரில் இதற்கு வாய்ப்பு அதிகம். பிடிஎம் லேஅவுட், மடிவாளா, மாரத்தஹள்ளி பக்கத்துப் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) கட்டடங்களைப் பாருங்கள். ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். பல ரூம்களில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆபீஸ் பக்கம் போனால் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சுப் போட்ட கண்ணாடி, அது அலைகளையும் சேர்த்துத் தடுக்கும். அப்புறம் லிஃப்ட், பேஸ்மென்ட் பார்க்கிங். டவருக்குக் குறைவில்லாத ஊரில் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு சிக்னல் இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மெனுவில் இருக்கும் பெயர்கள்

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோ அதைத் தனித்து நிற்கும் 5ஜியாகப் போட்டது. போன் 5ஜி டவரோடு நேரடியாகப் பேசும். ஏர்டெல் தன் 4ஜி மேல் சாய்த்துத் தொடங்கியது, 2025இல் 5ஜி தொடங்கிய வி (வோடஃபோன் ஐடியா) கம்பெனியும் அப்படியே. இந்த இரண்டாவது வகையில், 5ஜி ஓடும்போது போன் 4ஜி, 5ஜி இரண்டு தொடர்புகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். போனுக்குள் அலையை அனுப்பி வாங்கும் ரேடியோவுக்கு வேலை இரட்டிப்பு, சார்ஜ் செலவும் கூடும். 2020 வாக்கில் வந்த முதல் தலைமுறை 5ஜி போன்களில் இது நன்றாகவே தெரியும். அவற்றில் பலவற்றில் டவரோடு பேசும் 5ஜி மோடம் தனிச் சிப்பாக இருந்தது. பின்னால் வந்தவற்றில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு விஷயம் அலைவரிசை. வேகமான 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அது சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கி. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இரண்டு சுவர் தாண்டியும் வரும். ஜியோவிடம் 5ஜிக்கு 700 இருப்பதால் கட்டடத்துக்குள் 5ஜி என்று காட்டிக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் தெருவில் கிடைத்த அளவு இருக்காது.

3ஜியை மறந்துவிடலாம். ஜியோவிடம் அது எப்போதும் இருந்ததில்லை. ஏர்டெல் சில வருடங்களுக்கு முன்பே மூடிவிட்டது. மெனுவில் பெயர் இன்னும் கிடக்கிறது, அவ்வளவுதான். 2ஜியில் போட்டால் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும் என்று ஒரு பழைய யோசனை சுற்றுகிறது. சும்மா கிடக்கும் போனுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2ஜியில் யுபிஐ திறப்பதற்குள் ஆட்டோக்காரர் இன்னொரு சவாரியை முடித்துவிடுவார். ஜியோ சிம் என்றால் 2ஜியே கிடையாது, போன் செத்த மாதிரிதான். பேசும்போதும் 2ஜி சிக்கனம் கிடையாது. தூரத்து டவரோடு 900 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை அலையை வெளியே விடும்.

சரி, எதில் வைப்பது

மாற்றும் இடம் போனுக்குப் போன் வேறு. சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் மோட். ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் பக்கத்துக்குப் போய், உங்கள் சிம்மைத் தொட்டு, ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப். ஐபோனில் மொபைல் சர்வீஸ், அதற்குள் வாய்ஸ் அண்ட் டேட்டா. இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

ரூமிலும் ஆபீஸ் மேஜையிலும் 5ஜி குறி அசையாமல் நிற்கிறது, எண்ணும் மைனஸ் 100க்கு மேலே இருக்கிறது என்றால் எதையும் தொடாதீர்கள். பெரிய ஃபைலைச் சீக்கிரம் இறக்கிவிட்டு ரேடியோ ஓய்வுக்குப் போய்விடும், அதுவும் ஒரு மிச்சம்தான். ஐபோனில் 5ஜி ஆன் என்பதைவிட 5ஜி ஆட்டோ நல்லது. தேவையில்லாதபோது தானாக 4ஜிக்கு இறங்கிக்கொள்ளும். ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மி போன்களில் ஸ்மார்ட் 5ஜி என்று இருந்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும்.

5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று குறி மாறிக்கொண்டே இருக்கிறதா? 4ஜியில் வையுங்கள். மெனுவில் எல்டிஇ (4ஜியின் இன்னொரு பெயர்) என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சில போன்களில் நேராக 4ஜி என்றே இருக்கும். அன்றே வித்தியாசம் தெரிய வேண்டும். ஒரு பொறி உண்டு. பல பிளான்களில் அன்லிமிடெட் என்பது 5ஜிக்கு மட்டும்தான். 4ஜிக்கு வந்துவிட்டால் தினசரி 2 ஜிபி கணக்கு ஓட ஆரம்பிக்கும், மதியத்துக்குள் முடிந்தும்விடும். வீடியோ அதிகம் பார்க்கிறவர்கள் ரூமில் வைஃபை இருந்தால் மட்டும் 4ஜிக்கு மாறுங்கள்.

4ஜியே ரூமுக்குள் மைனஸ் 110க்குக் கீழே என்றால் மோடை மாற்றிப் பயனில்லை. பிஜி வைஃபையில் போட்டுவிட்டு வைஃபை காலிங்கை இயக்குங்கள். 2019 கடைசியில் ஏர்டெலும் 2020 தொடக்கத்தில் ஜியோவும் கொண்டுவந்த வசதி இது, தனிக் கட்டணம் கிடையாது. அழைப்புகள் வைஃபை வழியாக வரும், எதிரில் பேசுகிறவருக்கு எதுவும் தெரியாது. செட்டிங்ஸில் சிம் பக்கத்திலேயே வைஃபை காலிங் என்று இருக்கும். சில போன்களில் எது முதலில் என்று கேட்கும், வைஃபை என்று கொடுங்கள். வைஃபை பக்கத்திலேயே இருக்கும் சாதனத்தோடு பேசுவதால் மொபைல் டேட்டாவைவிடக் குறைவாகவே சார்ஜ் எடுக்கும். பிஜி வைஃபை ராத்திரி பத்து மணிக்குமேல் படுத்துவிடும் ரகம் என்றால், அது ஓனரிடம் பேச வேண்டிய விஷயம்.

இது எதுவும் சரிவரவில்லை என்றால் சிம் கம்பெனியை மாற்றுங்கள். அதற்கு முன் பக்கத்து ரூம்காரர்களிடம் "உங்க ரூம்ல எந்த சிம் நல்லா எடுக்குது?" என்று கேளுங்கள். கம்பெனிகளின் தளத்தில் இருக்கும் கவரேஜ் வரைபடம் தெருவைப் பற்றிச் சொல்லும், உங்கள் மூன்றாவது மாடி உள் ரூமைப் பற்றிச் சொல்லாது. ஊர் நம்பர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 2015 ஜூலையிலிருந்து எந்த மாநிலத்து நம்பரையும் எந்த மாநிலத்திலும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் PORT என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு உங்கள் எண்ணை எழுதி, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும்.

யூடியூப் பார்த்து *#*#4636#*#* என்று டயல் செய்து எல்டிஇ ஒன்லி போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பூட்டைப் போட்டால் போன் வேறெதற்கும் இறங்காது. 4ஜியிலேயே அழைப்பு பேச வைக்கும் வோல்டி அணைந்திருந்தாலோ உங்கள் போனில் வேலை செய்யாவிட்டாலோ அழைப்பே வராது. நீங்கள் சார்ஜ் நிற்கிறது என்று சந்தோஷமாக இருப்பீர்கள், எச்ஆர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்திருப்பார். சாதாரண மெனுவில் இருப்பதே போதும். வோல்டி மட்டும் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கட்டும். அணைத்து வைத்தால், ஏர்டெல், வி சிம்களில் ஒவ்வொரு அழைப்புக்கும் போன் 2ஜிக்கு இறங்கி மறுபடி ஏறும்.

இரண்டாவது சிம்

பலரிடம் ஊர் சிம் ஒன்று, இங்கே வாங்கியது ஒன்று இருக்கும். ஊரில் அருமையாக எடுத்த சிம் இங்கே உங்கள் ரூமில் எடுக்காமல் போகலாம். அது நோ சர்வீஸ் என்று காட்டிக்கொண்டே கிடந்தால், நீங்கள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் போன் அதற்காகத் தேடிக்கொண்டே இருக்கும். பேங்க் ஓடிபிக்கு மட்டும்தான் அந்த நம்பர் என்றால், செட்டிங்ஸில் அந்த சிம்மை அணைத்துவிட்டு, வேண்டும்போது ஜன்னலோரம் போய் இயக்குங்கள். மாதக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நம்பர் கையைவிட்டுப் போகலாம்.

"கர்நாடகா நம்பர் வாங்குங்க சார், சார்ஜ் நிக்கும்" என்று சிம் விற்கிறவர் சொல்வார். நகரத்துக்குள் அதே கம்பெனியின் அதே டவரைத்தான் இரண்டு நம்பரும் பயன்படுத்துகின்றன. நான் இதற்காகக் காசு செலவழிக்க மாட்டேன். தமிழ்நாட்டு சிம்மில் ரோமிங் குறி தெரிந்து டேட்டா வராமல் இருந்தால், டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். நாட்டுக்குள் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

விதிவிலக்கு, ஓசூரில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்கோ பொம்மசந்திராவுக்கோ தினமும் வருகிறவர்கள். வாடகை குறைவு என்று இப்படி இருப்பவர்கள் நிறைய. மொபைல் கம்பெனிகள் நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர். ஓசூர் தமிழ்நாடு வட்டம், அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடக வட்டம். எல்லையில் இரண்டு பக்கத்து டவரும் எட்டும் தூரத்தில் இருக்கும். வெளி வட்டத்தில் இருக்கும் சிம் தன் சொந்த வட்டம் கிடைக்கிறதா என்று அவ்வப்போது தேடிப் பார்க்கும், அது வடிவமைப்பிலேயே உள்ளது. எல்லையை ஒட்டி வேலை செய்கிறவருக்கு இந்தத் தாவல் நாள் முழுக்க நடக்கலாம். அவர்கள் 5ஜியை அணைத்து 4ஜியில் வைப்பது முதல் படி. அதுவும் போதாவிட்டால், பகலில் அதிக நேரம் இருக்கும் பக்கத்து நம்பரை டேட்டாவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டாதீர்கள். சாயங்காலம் எல்லை தாண்டியதும் சிக்னலே இல்லாமல் நிற்பீர்கள்.

துளித்துளியாகப் போவது

ஒரு ஆப் ஒரு சின்னச் செய்தியை அனுப்பினாலும், அனுப்பி முடித்த பிறகு ரேடியோ உடனே தூங்கப் போகாது. இன்னும் ஏதாவது வருமோ என்று சுமார் 10 நொடி விழித்துக் காத்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஆப் நான்கைந்து இருந்தால் ரேடியோவுக்குத் தூக்கமே இல்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் இது இன்னும் கசக்கும். ஷாப்பிங், உணவு டெலிவரி, கேம் ஆப்களுக்குப் பின்னணி டேட்டாவைத் தடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வையுங்கள்.

லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்கள் யுஎஸ்பி கேபிளில் கொடுக்கலாம். போனின் வைஃபை ஓட வேண்டியதில்லை, லேப்டாப்பிலிருந்து சார்ஜும் ஏறும்.

மெட்ரோவுக்கும் ஊருக்கும்

பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க்கிலிருந்து சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை சுரங்கம். சில நிமிடங்கள்தான், அதற்காக ஏரோப்ளேன் மோட் போட்டு எடுப்பது வீண் வேலை. 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைன் ஆர்வி ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை முழுக்க மேம்பாலத்தில் போகிறது, அதில் இந்தப் பிரச்சினையே இல்லை.

சென்னை ரயில் வேறு கதை. பங்காருப்பேட்டை வரை கர்நாடக வட்டம், குப்பத்தில் ஆந்திரா, ஜோலார்பேட்டை நெருங்கும்போது தமிழ்நாடு. ஒரே பயணத்தில் மூன்று வட்டம், நடுவே டவர் எட்டாத காட்டுப் பகுதிகள். மடிவாளாவில் பஸ் ஏறி சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயில் இதே நிலைமை. இந்த மாதிரிப் பயணத்தில் பார்க்க வேண்டிய படத்தை ரூம் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு "பஸ் ஏறிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, ஏரோப்ளேன் மோடுக்குப் போய்விடுங்கள். ஜிபிஎஸ் அந்த மோடிலும் வேலை செய்யும், அது செயற்கைக்கோளைக் கேட்பது மட்டும்தான், திருப்பிப் பேசுவதில்லை. வழியில் வரும் மாவட்டங்களின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தால், கிருஷ்ணகிரி தாண்டியாச்சா, தர்மபுரி வந்தாச்சா என்று பார்க்க சிக்னல் தேவையே இல்லை.